காலத்தே காண்பதற்குரிய நோய்

பெண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் கருப்பைக் கழுத்திலே தோன்றும் புற்றுநோய்க்குத் தனியான இயல்பு ஒன்று உண்டு. அது வருவதற்கு நெடுங்காலம் எடுத்துக்கொள்ளும் நோய். கருப்பையின் வாயிலைப் போர்த்திருக்கும் மெல்லிய படையிலே சில கலங்கள் தம் இயல்பான வடிவினின்றும் மாறத் தொடங்குகின்றன. அப்பொழுது பெண்ணுக்கு நோவில்லை, காய்ச்சலில்லை, உதிரப்போக்கும் இல்லை. அவள் வயலுக்கும் சந்தைக்கும் போய்வருகிறாள். மாறிய கலங்களும் உடனே புற்றாகிவிடுவதில்லை. பல தாமாகவே பழைய நிலைக்கு மீளுகின்றன. மீளாதவை பத்தாண்டு, பதினைந்தாண்டு, சிலரிடத்து அதற்கும் மேற்பட்ட காலம், மேற்படையிலேயே தங்கியிருந்து, பின்னர்க் கீழுள்ள இழையத்தினுட் புகுகின்றன. புகுந்தபின் அது புற்றுநோய். பெரிய சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் வேண்டும் நோய். புகுமுன் கண்டுகொண்டால், பெரும்பாலாரிடத்து அதனை அழிப்பதற்குக் கால்மணி நேரமே போதும்.

இத்துணை நீண்ட தவணை கொடுக்கும் கொடுநோய்கள் மிகச் சிலவே. இருந்தும், உலக சுகாதார தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் ஏறக்குறைய 660,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது; ஏறக்குறைய 350,000 பெண்கள் இதனால் மாண்டனர். மாண்டோருள் நூற்றுக்கு 94 பேர் வருமானங் குறைந்த நாடுகளையோ நடுத்தர வருமானமுள்ள நாடுகளையோ சேர்ந்தவர்கள். நோயை முன்கூட்டிக் காணும் வழி 1940களிலேயே மருத்துவ உலகுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த வழி பெண்களைச் சென்றடையாத காரணம் யாது, சென்றடையச் செய்வதற்கு ஆராய்ச்சியாளர் என்ன செய்தனர், அந்த ஆராய்ச்சிகளின் விலையை யார் கொடுத்தனர் என்பனவே இப்பேச்சிற் கூறப்படுவன.

கிரேக்க நாட்டிலே கைமி என்னும் கரையோர ஊரில் 1883இற் பிறந்தவர் ஜோர்ஜ் பப்பானிக்கொலாவ். மருத்துவப் பட்டம் ஒன்று, விலங்கியலிற் கலாநிதிப் பட்டம் ஒன்று; இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு 1913இல் மனைவி அந்திரோமாக்கியுடன் நியூயோர்க் நகரில் வந்திறங்கினார். பட்டங்கள் உடனே சோறு போடவில்லை. அவர் ஒரு பெரிய அங்காடியிலே கம்பளம் விற்றார். மனைவி அங்கே பொத்தான் தைத்தார். பின்னர்க் கோர்ணெல் மருத்துவக் கல்லூரியில் இடங் கிடைத்தது. அங்கே கினிப்பன்றிகளின் கரு முட்டை வெளிப்படும் நாளை அறிய வேண்டியிருந்தது. விலங்கைக் கொல்லாமல் அதனை அறிவது எப்படி? யோனித் திரவத்திலே ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நாடோறும் பார்த்தார். நாளுக்கு நாள் கலங்களின் தோற்றம் மாறுவது தெரிந்தது. 1917இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மனிதப் பெண்ணிலும் அவ்வாறு மாறுமோ என்று அறிவதற்கு அவருக்கு வாய்த்த முதற் பெண் அவருடைய மனைவியே. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த அம்மையார் தம் உடலிலிருந்து மாதிரி கொடுத்துவந்தார். கண்டுபிடிப்பின் பெயரில் அவருக்குப் பங்கு இல்லை.

பல பெண்களின் பூச்சுக்களைப் பார்த்துவருகையில், ஒரு நோயாளியின் தகட்டிலே புற்றுநோய்க் கலங்கள் தனித்துத் தெரிவதைப் பப்பானிக்கொலாவ் கண்டார். 1928இல் அதனை ஒரு மாநாட்டில் அறிவித்தார். அதே ஆண்டில் உருமேனியா நாட்டின் அவுரெல் பாபெஸ் என்பவரும் இத்தகைய முறையொன்றைப் பிரெஞ்சு மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். இரண்டையும் அக்கால மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. இழையத்தை ஒரு துண்டு வெட்டியெடுத்துப் பார்க்கும் வழி இருக்கையில், உதிர்ந்த கலங்களைத் தேடித் திரிவானேன் என்பது அவர்கள் எண்ணம். நோய் இருக்கிறது என்று ஏற்கெனவே ஐயுறப்பட்ட பெண்ணையே அவர்கள் நினைத்தார்கள். ஒரு குறையும் சொல்லாத பெண்ணைச் சோதிப்பது என்னும் எண்ணம் அன்று பிறக்கவில்லை. 1941இல் ஹேர்பேர்ட் டிரவுற் என்னும் பெண்நோயியல் மருத்துவருடன் சேர்ந்து பப்பானிக்கொலாவ் வெளியிட்ட கட்டுரையும், 1943இல் வந்த நூலுமே அந்த எண்ணத்துக்கு வழி திறந்தன. அவர் பெயரின் முதலெழுத்துக்களே இன்றும் ‘பாப் பரிசோதனை’ என்று வழங்குகின்றன.

பரிசோதனை சிறிது, அதனைச் சூழ்ந்த ஏற்பாடு பெரிது. பெண் வரவேண்டும். பூச்சு எடுக்கப்பட வேண்டும். தகடு ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். ஆயிரக் கணக்கான கலங்களுக்கிடையே மாறிய சிலவற்றைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த கண் வேண்டும். விடை திரும்பி வரவேண்டும். விடை வந்த பின் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து மீண்டும் அழைக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் முன்னவை அனைத்தும் வீண். நோர்டிக் நாடுகளில் 1965 முதல் 1982 வரை நிகழ்ந்தது இதற்குச் சான்று. நாடு முழுவதும் பெண்களை வயதுவாரியாக அழைத்துச் சோதித்த ஐசுலாந்தில் இந்நோயால் ஏற்பட்ட மரணம் நூற்றுக்கு 80 குறைந்தது. பின்லாந்தில் 50 குறைந்தது. ஒழுங்கான அழைப்புத் திட்டம் நாட்டின் மிகச் சிறு பகுதியிலே மட்டும் இருந்த நோர்வேயில் 10 மட்டுமே குறைந்தது. நோர்வேயில் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. பரிசோதனையும் அதே பரிசோதனைதான். வீட்டுக்கு வந்த அழைப்புக் கடிதமே இந்நாடுகளுக்கிடையே இருந்த பெரிய வேற்றுமை.

இதனிடையே ஒரு வினா மருத்துவர்களிடையே தீராமல் இருந்தது. மாறிய கலங்கள் உண்மையாகவே புற்றாகின்றனவா? மேற்படையிலே தங்கியிருக்கும் அந்த நிலைக்கும் உள்ளே புகும் புற்றுக்கும் தொடர்பில்லை என்று கருதியவர்கள் இருந்தனர். வினா நியாயமானது. ஏனெனில் அக்காலத்தில் மாறிய கலங்களைக் கண்டவுடன் கருப்பையையே அகற்றிவிடுவது பல இடங்களிலும் வழக்கமாயிருந்தது. இளம் பெண்கள் தேவையின்றிக் கருப்பையை இழக்கிறார்களே என்று ஒருவர் கவலைப்பட்டால் அதில் குற்றங் காண இயலாது. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்துத் தேசிய மகளிர் வைத்தியசாலையிலே பணியாற்றிய ஹேர்பேர்ட் கிறீன் என்னும் மருத்துவர் அவ்வாறு கவலைப்பட்டவர்களுள் ஒருவர். 1966இல், வைத்தியசாலையின் மூத்த மருத்துவர் குழுவின் சம்மதத்துடன், மாறிய கலங்களையுடைய சில பெண்களுக்கு முழுமையான சிகிச்சை அளிக்காமல், சிறு துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்து உள்ளே புகுந்த புற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தொடர்ந்து கவனித்துவரலானார்.

கவனிக்கப்பட்ட பெண்களுக்குத் தாம் ஓர் ஆராய்ச்சிக்கு உட்பட்டிருப்பது தெரியாது. அவர்கள் ஆண்டுதோறும் வந்தார்கள். சோதிக்கப்பட்டார்கள். பூச்சிலே மாற்றம் இருப்பது ஏட்டிற் பதியப்பட்டது. வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மருத்துவர் பார்க்கிறார், ஆகவே தாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதே வைத்தியசாலையில் வில்லியம் மக்கின்டோ, ஜொக் மக்லீன் என்னும் இரு மருத்துவர்கள் 1970களில் தொடர்ந்து எச்சரித்தனர்; சிலரிடத்துப் புற்று தோன்றிவிட்டது என்பதைத் தகடுகளிலே கண்டு எடுத்துக் கூறினர். மேலிருந்தோர் அசையவில்லை. முடிவில் அவ்விருவரும், றொனால்ட் ஜோன்ஸ், பீற்றர் மலின்ஸ் என்போரும் சேர்ந்து 1984இல் அந்தப் பெண்களின் கதியை ஓர் அறிவியல் ஏட்டில் வெளியிட்டனர். ஏட்டைப் படித்தோர் மருத்துவர்களே. 1987 யூன் மாதம் சான்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்னும் இரு பெண் எழுத்தாளர்கள் ‘மெற்றோ’ என்னும் சஞ்சிகையில் எழுதிய பின்னரே நாடு அதனை அறிந்தது. நீதிபதி சில்வியா கார்ட்றைட் தலைமையில் விசாரணை நடந்து 1988இல் அறிக்கை வெளிவந்தது.

அந்தப் பெண்களின் வரலாற்றை 2008இல் மீண்டும் ஆராய்ந்தபோது கிடைத்த எண்கள் இரண்டு. சிறு துண்டு எடுத்ததோடு விடப்பட்ட 143 பெண்களுள் முப்பதாண்டுக்குள் புற்றுநோய் கண்டோர் வீதம் நூற்றுக்கு 31. தொடக்கத்திலேயே போதிய சிகிச்சை பெற்ற 593 பெண்களிடத்து அந்த வீதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, 0.7. மாறிய கலங்களை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்னும் வினாவுக்கு உலகத்தில் உள்ள மிகத் தெளிவான விடை இதுவே. இன்று எந்த மருத்துவக் கல்லூரியிலும் இந்நோயின் இயற்கையான போக்கைக் கற்பிக்கும்போது இவ்வெண்களை ஒதுக்கிவிட முடியாது. அதே வேளையில், இவற்றைப் பெறுவதற்கு எவருக்கும் உரிமை இருக்கவில்லை என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. நியூசிலாந்தில் 1990இல் நாடளாவிய பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 1996இல் நோயாளர் உரிமைகள் சட்ட வலுவுள்ள விதிகளாக வகுக்கப்பட்டன.

நோயின் போக்கு தெரிந்தது. காரணம் யாது என்பது அடுத்த வினா. பாலுறவின் வழியே தொற்றும் ஏதோ ஒரு கிருமி என்பது நெடுநாள் ஊகம். வேறொரு வைரசின்மீது பலரும் ஐயங்கொண்டிருந்த காலத்தில், ஜேர்மனியரான ஹரால்ட் சுர் ஹவுசன், பாலுண்ணி எனப்படும் மருக்களை உண்டாக்கும் பப்பிலோமா வைரசுக் குடும்பமே காரணம் என்று விடாது கூறிவந்தார். 1983இலும் 1984இலும் அவருடைய குழுவினர் புற்றிழையத்திலிருந்து அக்குடும்பத்தின் 16ஆம், 18ஆம் வகைகளைப் பிரித்துக் காட்டினர். இவ்விரு வகைகளே உலகில் இந்நோயின் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்குக்குக் காரணமாகின்றன. அவருக்கு 2008இல் நோபெல் பரிசு கிடைத்தது. பதினெட்டாம் வகை காணப்பட்ட கலங்களுள் ‘ஹீலா’ எனப்படும் கலங்களும் உண்டு. அவை 1951இல் அமெரிக்காவின் போல்ரிமோர் நகரத்து வைத்தியசாலையொன்றில் இதே நோயால் இறந்த ஹென்றியேற்றா லக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து, அவரைக் கேளாமல் எடுக்கப்பட்டவை. ஆய்வுகூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருப்பவை.

இனி ஆய்வுகூடம் இல்லாத ஊர்களுக்கு வருவோம். தகடும் நுணுக்குக்காட்டியும் தேர்ந்த கண்ணும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? விடை அடுக்களையில் இருந்தது. கருப்பைக் கழுத்தை உருப்பெருக்கிப் பார்க்கும் கருவியை 1925இல் ஜேர்மனியில் ஹின்செல்மன் என்பவர் ஆக்கினார். அதனைக் கையாண்ட மருத்துவர்கள், ஐதான அசற்றிக்கமிலத்தைத் தடவினால் மாறிய கலங்கள் உள்ள இடம் வெளுத்துத் தெரிவதை அறிந்திருந்தனர். ஐதான அசற்றிக்கமிலம் என்பது வினாகிரியேயன்றி வேறன்று. மாறிய கலங்கள் நெருங்கி நிற்பவை, புரதம் மிகுந்தவை. அமிலம் பட்டதும் அப்புரதம் தற்காலிகமாக உறைந்து வெண்ணிறங் கொள்கிறது. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வலியுள்ள அமிலம், ஒரு பஞ்சுத் துண்டு, நல்ல ஒளிவிளக்கு, ஒரு நிமிடப் பொறுமை. வெண்திட்டு உண்டா இல்லையா என்பது அப்பொழுதே தெரிந்துவிடும். பெண் வீடு போய் விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வினாகிரியின் மேன்மை அதன் மலிவில் அன்று, இந்த ஒரு நிமிடத்திலேயே இருக்கிறது என்று சொல்வது பொருந்தும்.

குறைகளும் உண்டு. வெளுப்பதெல்லாம் நோயன்று, அழற்சியும் வெளுக்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடத்து மாற்றம் தோன்றும் வலயம் உள்ளே ஒடுங்கிவிடுவதால் கண்ணுக்குப் புலப்படாமற் போகலாம். பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்து விடையும் மாறும். ஆகவே இம்முறை உயிரைக் காக்குமா என்பதை ஊகத்தால் தீர்மானிக்க முடியாது. சோதிக்கப்பட்ட ஊர்களையும் சோதிக்கப்படாத ஊர்களையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டே காணவேண்டும்.

அவ்வாறு காணப்பட்ட இடங்களுள் ஒன்று தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ ஐக்கிய சமூக சுகாதார நிலையமும், சென்னைப் புற்றுநோய் நிலையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையமும் சேர்ந்து இதனை நடத்தின. மாவட்டத்தில் 114 தொகுதிகளைத் தெரிந்து, குலுக்கல் முறையில் 57ஐப் பரிசோதனைக்கும் 57ஐ ஒப்பீட்டுக்கும் ஒதுக்கினர். முப்பது வயதுக்கும் ஐம்பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட பெண்களே இதற்கு உரியோர். 2000 முதல் 2003 வரை, பரிசோதனைக்குரிய 49,311 பெண்களுள் 31,343 பேர் வந்தனர். சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற தாதியர். வெண்திட்டுத் தெரிந்த பெண்ணை அதே வேளையிலே உருப்பெருக்கும் கருவியாற் பார்த்தவர்களும் அவர்களே. இழையத் துண்டு எடுத்தவர்களும் அவர்களே. ஏற்ற நிலையிலிருந்தவர்களுக்கு அங்கேயே குளிரூட்டி அழிக்கும் சிகிச்சையை அளித்தவர்களும் அவர்களே. அச்சிகிச்சையாவது, வாயுவினாற் குளிரூட்டப்பட்ட உலோக முனையைக் கழுத்தின்மேல் மூன்று நிமிடம் வைத்து உறையச் செய்து, ஐந்து நிமிடம் இளகவிட்டு, மீண்டும் மூன்று நிமிடம் உறையச் செய்தல். மயக்கமருந்து வேண்டியதில்லை. பெண் தானே எழுந்து வீடு போகலாம். பெரிய திட்டு உடையவர்களையும் புற்று இருந்தவர்களையும் மட்டும் மருத்துவரிடம் அனுப்பினர்.

2006 வரை நோயும் மரணமும் பதியப்பட்டன. பரிசோதனைக்கு ஒதுக்கிய தொகுதிகளில் 167 பெண்களுக்குப் புற்றுநோய், 83 மரணம். ஒப்பீட்டுத் தொகுதிகளில் 158 பேருக்கு நோய், 92 மரணம். இவ்வெண்களை மேலோட்டமாகக் கேட்போர், இதில் என்ன பெரிய வேறுபாடு என்று நினைக்கக்கூடும். பரிசோதனைத் தொகுதிகளில் இருந்த பெண்கள் மிகப் பலர், ஒப்பீட்டுத் தொகுதிகளில் இருந்தோர் 30,958 பேரே என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். அவ்வேறுபாட்டையும் வயது முதலியவற்றையும் கருதிக் கணித்தபோது, நோயுற்றோர் தொகை நூற்றுக்கு 25ம் மரணம் நூற்றுக்கு 35ம் குறைந்திருந்தன. ஆயுளில் ஒரே ஒரு முறை, ஒரு தாதியால், வினாகிரி கொண்டு செய்யப்பட்ட பரிசோதனையின் பயன் இது. 2007இல் இலண்டன் ‘லான்செற்’ ஏடு இதனை வெளியிட்டது.

ஆயினும் அந்த அறிக்கையிலே அதிகம் பேசப்படாத இரண்டு எண்கள் உள. உரியோருள் நூற்றுக்கு 36 பேர் பரிசோதனைக்கே வரவில்லை. மாற்றம் காணப்பட்ட 1,874 பெண்களுள் நூற்றுக்கு 72 பேரே சிகிச்சை பெற்றனர். ஏறக்குறைய ஐந்நூறு பேர், தம் உடலில் மாற்றம் உண்டு என்று காணப்பட்ட பின்னும், சிகிச்சையின்றி இருந்தனர். சிகிச்சை இலவசம். அதே நாளில், அதே இடத்திற் கிடைத்தது. இருந்தும் அந்த நிலை. நோவு இல்லாத ஒருத்தியிடம் நோய் வரப்போகிறது என்று சொன்னால் அவள் நம்புவது எளிதன்று. அன்றைய கூலியை இழந்து வந்தவள், வீட்டிலே கேளாமல் ஒன்றுக்கும் உடன்பட முடியாத நிலையில் இருப்பாள். இடக்கரான உறுப்பு என்ற கூச்சம் வேறு. புற்று என்ற சொல்லைக் கேட்டதும் சிகிச்சைக்கு விரைவோர் உளர். அச்சொல்லுக்கு அஞ்சியே திரும்பி வராதோரும் உளர். எந்தக் கருவியும் இந்தக் கூச்சத்தையும் அச்சத்தையும் தானாகப் போக்கிவிடுவதில்லை. ஊர் மருத்துவமாது பலமுறை வீட்டுக்குப் போய்ப் பேசவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2007 முதல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இம்முறையை முன்னோடியாக நடத்திப் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் மகாராட்டிரத்தின் ஒஸ்மானாபாத் மாவட்டத்திலே இதனினும் பெரிய ஆய்வொன்று நடந்தது. அம்மாவட்டத்துக்கு 2023 முதல் தாராசிவ் என்று பெயர். அங்கே 131,746 பெண்கள், ஊர்த் தொகுதிகள் 52, பிரிவுகள் நான்கு. ஒரு பிரிவுக்கு வினாகிரி, ஒன்றுக்குப் பாப் பரிசோதனை, ஒன்றுக்கு வைரசின் மரபணுவைத் தேடும் பரிசோதனை, நான்காவது ஒப்பீட்டுக்கு. எட்டாண்டு கழிந்தபின், வைரசுப் பரிசோதனைப் பிரிவின் 34,126 பெண்களுள் 34 பேர் இந்நோயால் இறந்திருந்தனர். ஒப்பீட்டுப் பிரிவின் 31,488 பேருள் 64 பேர். மரணம் ஏறக்குறைய பாதியாயிற்று. வைரசு இல்லை என்று விடை பெற்ற பெண்களில் ஒருவர்கூட அவ்வெட்டாண்டுள் இந்நோயால் இறக்கவில்லை. ஏனைய இரு பிரிவுகளிலும், வினாகிரிப் பிரிவு உட்பட, குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. திண்டுக்கல்லிற் பயன் தந்த முறை ஒஸ்மானாபாத்தில் அவ்வளவு தராதது ஆராய்ச்சியாளரைச் சிந்திக்க வைத்தது. கண்ணால் பார்க்கும் முறை பார்ப்பவரைச் சார்ந்தது என்பது இதனால் ஒருவாறு புலனாகும். மும்பாய்ச் சேரிகளில், பத்தாம் வகுப்புப் படித்த பெண்களுக்கு நான்கு வாரம் பயிற்சியளித்து, இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு முறை வினாகிரிப் பரிசோதனை நடத்தியபோது மரணம் நூற்றுக்கு 31 குறைந்தது. ஆகவே வினாகிரி பயனற்றது என்பதன்று. அதனை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடல் ஆகாது.

மேற்கூறிய மூன்று ஆய்வுகளிலும் ஒப்பீட்டுப் பிரிவு ஒன்று இருந்தது. திண்டுக்கல்லில் இறந்த அந்த 92 பேரும் ஒஸ்மானாபாத்தில் இறந்த 64 பேரும் அப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பற்றி ஒரு கடுமையான விவாதம் எழுந்தது. அமெரிக்க மருத்துவரான எரிக் சூபா, பாப் பரிசோதனை உயிர் காக்கும் என்பது அரை நூற்றாண்டுக்கு முன்னரே தெரிந்த செய்தியாயிருக்க, ஒரு பிரிவினருக்கு எந்தப் பரிசோதனையும் அளிக்காமல் மரணங்களை எண்ணிக்கொண்டிருந்தது அறமன்று என்றார். மும்பாய் ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணம் உதவியதால், அந்நாட்டின் மேற்பார்வை அலுவலகமும் அதனை விசாரித்து, பெண்களுக்கு அளித்த விளக்கம் போதியதன்று என்று கண்டது. ஆய்வாளர் கூறிய விடை வேறு. இந்தியாவின் ஊர்களில் அந்நாளில் எந்தப் பரிசோதனைத் திட்டமும் இருக்கவில்லை, இருப்பதைப் பறிக்கவில்லை, அரசை அசைப்பதற்கு அந்நாட்டிலேயே பெற்ற சான்று வேண்டியிருந்தது என்றனர். இந்திய அரசு 2016இல் வினாகிரிப் பரிசோதனையைத் தன் நாடளாவிய திட்டத்திற் சேர்த்தது என்பதும் உண்மையே.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு என்று கூறி நழுவிவிடுவது எளிது. ஒக்லாந்தையும் திண்டுக்கல்லையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. ஒக்லாந்தில் நோயின் அறிகுறி கண்டும் சிகிச்சை மறுக்கப்பட்டது. திண்டுக்கல்லில் எட்டாதிருந்த உதவி பாதி ஊர்களுக்கு எட்டிற்று. ஆனால் ஒப்பீட்டுப் பிரிவிலிருந்த பெண்ணுக்கு, அயலூரிலே நடப்பது யாது, தனக்கு அது ஏன் இல்லை, வேண்டுமாயின் எங்கே போய்ப் பெறலாம் என்னும் மூன்றையும் அவள் மொழியிலே தெளிவாகச் சொல்லவேண்டிய கடமை எந்த ஆராய்ச்சியாளருக்கும் உண்டு. அதனைச் சொல்வதால் ஆய்வின் கணக்கு சிறிது கலங்குமாயின், கலங்கட்டும்.

தடுப்பூசியின் கதையிலும் இந்தச் சம்மதம் என்னும் பொருளே குறுக்கிட்டது. குறுக்கிட்டு, எவரும் எதிர்பாராத நன்மையொன்றை விளைத்தது. பப்பிலோமா வைரசுக்கு எதிரான முதல் தடுப்பூசிக்கு 2006இல் அனுமதி கிடைத்தது. மூன்று தடவை போடவேண்டும் என்பது அப்போதைய விதி. இரண்டு தடவை போதுமா என்று அறிய 2009இல் இந்தியாவின் பல நிலையங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. அதனோடு தொடர்பில்லாத வேறொரு தடுப்பூசித் திட்டம் ஆந்திரத்திலும் குசராத்திலும் நடந்துகொண்டிருந்தது. அதிற் சேர்ந்த சில சிறுமியர் இறந்தனர். விசாரித்தோர் அம்மரணங்களுக்கு ஊசி காரணமன்று என்றனர்; ஆனால் ஆந்திரத்தில் பல சிறுமியருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்பமிட்டிருந்ததைக் கண்டனர். 2010 ஏப்பிரலில் அரசு எல்லாத் தடுப்பூசி ஆய்வுகளையும் நிறுத்தியது. அந்நாளில் ஊசி பெற்றிருந்த 17,729 சிறுமியருள் 4,950 பேர் ஒரே ஒரு தடவையோடு நின்றுபோயினர். ஆய்வாளர் அவர்களைக் கைவிடாமல் தொடர்ந்து கவனித்தனர். பத்தாண்டு சென்றபின், 2021இல் வெளியான முடிவின்படி, 16ஆம் 18ஆம் வகைகளின் நிலைத்த தொற்றிலிருந்து ஒரு தடவை பெற்றோருக்குக் கிடைத்த காப்பு நூற்றுக்கு 95; மூன்று தடவை பெற்றோருக்குக் கிடைத்தது 93. இரண்டுக்கும் வேறுபாடில்லை என்றே கொள்ளவேண்டும். கென்யாவில் முறையாகத் திட்டமிட்டு நடத்திய ஆய்வும் ஒரு தடவையின் வலிமையைக் காட்டியது. 2022 டிசம்பரில் உலக சுகாதார தாபனம் ஒரு தடவை முறையையும் ஏற்றுக்கொண்டது. ஊசி வாங்கப் பணமில்லாத நாடுகளுக்கு இது செலவைப் பெரிதும் குறைத்த செய்தி.

இலங்கையில் இத்தடுப்பூசி 2017இல் நாட்டின் தடுப்பூசித் திட்டத்திற் சேர்ந்தது. ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலையிலேயே, ஆறு மாத இடைவெளியில் இரு தடவையாக அது தொடங்கப்பட்டது. அதற்கு நெடுநாள் முன்னரே, 1996 முதல், சுகவனிதையர் கிளினிக்குகள் முப்பத்தைந்து வயதுப் பெண்களைப் பாப் பரிசோதனைக்கு அழைத்துவருகின்றன. பிற்பாடு நாற்பத்தைந்து வயதினரும் சேர்க்கப்பட்டனர். ஒரு குறையும் இல்லாதிருக்கும்போதே போகவேண்டிய கிளினிக் அது. உறவின் பின் உதிரம் காண்பவரும், மாதவிடாய் நின்ற பின் உதிரம் காண்பவரும் அந்த அழைப்புக்குக் காத்திருத்தலாகாது. அவர்கள் உடனே வைத்தியரிடம் போகவேண்டியவர்கள்.

உலகெங்கும் பரிசோதனையின் வடிவும் மாறிவருகிறது. 2021இல் உலக சுகாதார தாபனம், வைரசின் மரபணுவைத் தேடும் பரிசோதனையையே முதலாவதாகக் கொள்ளுமாறு கூறியது. முப்பது வயது முதல், ஐந்தாண்டு தொடக்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை செய்தாற் போதும். அதற்குரிய மாதிரியைப் பெண் தன் வீட்டிலேயோ கிளினிக்கின் ஒரு மறைவிடத்திலேயோ தானே எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்தால் வராதிருந்த பலருக்கு இது வழி திறக்கும். குளிரூட்டும் சிகிச்சைக்குப் பாரமான வாயு உருளை வேண்டியிருந்தது. இப்பொழுது மின்கலத்தால் இயங்கி, ஏறக்குறைய நூறு பாகை வெப்பத்தால் ஓரிரு நிமிடத்தில் மாறிய கலங்களை அழிக்கும் கைக்கருவிகள் வந்துவிட்டன. தாதி ஒருவர் அதனைப் பையில் இட்டுக்கொண்டு ஊருக்குப் போகலாம்.

2017இல் ஆறாம் வகுப்பிலிருந்து ஊசி பெற்ற இலங்கைச் சிறுமியர் முப்பத்தைந்து வயதை எட்டுவது ஏறக்குறைய 2042ஆம் ஆண்டில். ஊசி தடுக்காத வைரசு வகைகளும் இருப்பதனால் அவர்களும் அப்பொழுது பரிசோதனைக்கு வரவேண்டியவர்களே. அவர்களுடைய தாய்மாருக்கும் மூத்த தமக்கைமாருக்கும் அந்த ஊசி கிடைக்கவில்லை. அவர்களுக்கு இருப்பது கிளினிக்கிலிருந்து வரும் அழைப்பும் அதனை வீடு தேடிக் கொண்டுவரும் மருத்துவமாதும்.